மேற்சீட்டும் உட்பொருளும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

ஆண்டு விழா மேடையில் அறிஞர்கள் நின்று இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட எங்களைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாங்களும் அவ்வாறே எண்ணி, செயலாளர் அவர்களிடம் மறுத்துப் பார்த்தோம். "உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள், அதுவே போதும்" என்றார் அவர். ஆகவே நாங்கள் அறிந்த இரண்டு இடங்களைப் பற்றி மட்டும் பேச முன்வந்தோம். ஒன்று பார்சல் அலுவலகம், மற்றொன்று அடுக்களை.

பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளுக்கும் பெட்டிகளுக்கும் குறைவில்லை. உள்ளே இருப்பது இன்னதென்று அனுப்புவோரே எழுதித் தருகின்றனர். ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்த்துப் பதிவு செய்வதென்றால் வண்டி புறப்படாது. ஆதலால் ரசீதில் பொருளின் பெயருக்கு முன்னால் எஸ்.டி.சி. என்று மூன்று எழுத்துக்களைச் சேர்ப்பது தொன்றுதொட்டு வரும் முறை. "உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது" என்பது அதன் பொருள். பெயர் அனுப்பியவர் சொன்னது. எடை நாங்கள் பார்த்தது என்று கொள்க. அனுப்பியவர் பொய்ப்பெயர் கொடுத்திருந்தால், 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 163ஆம் பிரிவின்படி அவருக்குத் தண்டம் விதிக்கிறது. பெயரை நம்பாதே, பொருளைப் பார் என்பதே எங்கள் தொழில் கற்பித்த முதற்பாடம்.

இவ்வாறு பிறர் மூட்டைகளையெல்லாம் ஐயத்தோடு நோக்கிய நாங்கள், எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த ஒரு டப்பாவை மட்டும் ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அந்தக் கதையைச் சொல்லவே வந்தோம்.

எங்கள் தங்கை விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். தந்தையார் காலமாகிவிட்டபடியால், தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு என்பது சிகந்தராபாத்தில் உள்ள எங்கள் குவார்ட்டர்ஸ்தான். வளைகாப்பு முடிந்ததும் அவளை அழைத்து வந்தோம். பிள்ளைத்தாய்ச்சிக்குக் குங்குமப்பூ கலந்த பால் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. குங்குமப்பூ ஒரு கிராமே பல நூறு ரூபாய் விற்கிறது. கடையிலோ, பொன் நிறத்தில் ஒரு டப்பா இருந்தது. அதன் மேல் ஊதா நிறப் பூக்களும், சிவந்த இழைகளும், உடைத்த பாதாம் பருப்புகளும் கண்ணைப் பறித்தன. பாலில் ஒரு கரண்டி போட்டால் போதும்; பொன்னிறம் வருகிறது, மணம் கூடத்தையே நிறைக்கிறது. அம்மா அகமகிழ்ந்து, காலையும் மாலையும் தம் கையாலேயே கலக்கிக் கொடுத்து வந்தார்.

ஒரு மாதம் கழித்து மருத்துவப் பரிசோதனையில் தங்கையின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாகத் தெரிந்தது. என்னென்ன உண்கிறாள் என்று மருத்துவ அம்மையார் வினவினார். "காப்பிக்குக்கூடச் சர்க்கரை கிடையாது, குங்குமப்பூப் பால் மட்டுமே கொடுக்கிறோம்" என்று அம்மா பெருமையோடு சொன்னார். மறுமுறை வரும்போது டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார் மருத்துவர். கொண்டு போனோம். அவர் அதை வாங்கிப் பின்புறமாகத் திருப்பி எங்கள் கையிலேயே திரும்பத் தந்து, "மீரே சதவண்டி" என்றார். நீங்களே படியுங்கள் என்று தெலுங்கில் சொன்ன அந்த இரண்டு சொற்கள் இன்னும் எங்கள் செவியில் ஒலிக்கின்றன.

படித்தோம். முதலில் நின்றது சர்க்கரை. 100 கிராமில் 78 கிராம். அடுத்துப் பால்பொடி. பாதாம் 5 சதவிகிதம். குங்குமப்பூ 0.02 சதவிகிதம். அதன்பின் வண்ணமும் சேர்க்கப்பட்ட மணமும்.

எங்களுக்குத் தெரிந்த வித்தை கணக்கு ஒன்றுதான். மருத்துவமனைச் சீட்டின் பின்புறத்திலேயே போட்டுப் பார்த்தோம். டப்பா 200 கிராம். ஒரு டம்ளருக்கு 10 கிராம் வீதம் 20 டம்ளர். ஒரு டம்ளருக்குப் பாதாம் அரை கிராம். பருப்பு ஒன்றே ஒரு கிராமுக்கு மேல் எடை உள்ளதாகையால், அரைப் பருப்புகூடத் தேறவில்லை. குங்குமப்பூவோ டப்பா முழுவதிலும் 0.04 கிராம். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூக்கள் வேண்டும். ஒரு பூவுக்கு மூன்று இழைகள். அவ்வாறாயின் அந்த 0.04 கிராம் என்பது ஆறு பூக்களின் பதினெட்டு இழைகள். டம்ளருக்கு ஓர் இழை முழுதாக இல்லை! டப்பாவின் மேல் அச்சிட்டிருந்த பூக்களை எண்ணினோம், எட்டு இருந்தன. படத்தில் எட்டுப் பூ, பண்டத்தில் ஆறு பூ. சர்க்கரை மட்டும் டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி அளவு.

நோய்க்கு அந்த டப்பாவே காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. நாங்களும் சொல்ல மாட்டோம். கருவுற்ற காலத்தில் சர்க்கரை மிகுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் சர்க்கரையைக் குறைக்க வேண்டிய நாட்களில், அன்பு என்று நினைத்து அதையே ஊட்டி வந்தோம் என்பது உண்மை. உணவுக் கட்டுப்பாட்டினாலும் நடைப்பயிற்சியினாலும் அளவு இறங்கி, தங்கைக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை நலமாக இருக்கிறாள். எனினும் அம்மாவுக்கு ஆறவில்லை. "நான் அல்லவா கலக்கிக் கொடுத்தேன்" என்று பலமுறை சொல்லி வருந்தினார். குங்குமப்பூ உண்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையும் நம்மில் பலருக்கு உண்டு. குழந்தையின் நிறம் பெற்றோர் வழியாக வருவது. எந்தப் பூவும் அதை மாற்றுவதில்லை என்பதையும் அன்றுதான் அம்மா கேட்டறிந்தார்.

அன்பர்களே! அந்த டப்பா பொய் சொன்னதா? இல்லை. அதுதான் இதில் வியப்பு. முன்புறத்தில் பூவின் படம். பின்புறத்தில் பொடி எழுத்தில் முழு உண்மை. முன்புறம் அனுப்புவோர் எழுதித் தந்த பெயர்; பின்புறம் தராசுத் தட்டு. நாங்கள் தராசைப் பார்க்காமல் ரசீதில் கையெழுத்திட்டுவிட்டோம்.

அரிய பொருளின் பெயர் எங்கே வருகிறதோ அங்கேயெல்லாம் இக்கதை நடக்கிறது. காரணம் எளிது. குங்குமப்பூ காஷ்மீரத்துப் பாம்பூர் வயல்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலர்வது. ஒவ்வொரு பூவாகக் கையால் பறித்து, ஒவ்வோர் இழையாகக் கையால் பிரிக்க வேண்டும். காஷ்மீரக் குங்குமப்பூவுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அப்படிப்பட்ட பொருளைத் தாராளமாகப் போட்டு மலிவாக விற்க எவராலும் இயலாது. ஆனால் அதன் மணத்தையும் நிறத்தையும் தொழிற்சாலையில் மலிவாக ஆக்கலாம். பெயரின் மதிப்பு அப்படியே இருக்க, பொருள் மட்டும் மெல்ல மறைந்துவிடுகிறது.

நம் பிள்ளைகள் விரும்பும் வனிலாவும் அவ்வாறே. அது மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த ஒரு கொடியின் காய். பிற நாடுகளில் அக்கொடி பூத்தும் காய்க்காமல் நின்றது. 1841ஆம் ஆண்டில் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், பூவைக் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டான். இன்றும் பூவுக்குப் பூ கைவேலைதான். 1874ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலார் இருவர், டீமன், ஹார்மன் என்போர், அதன் மணப்பொருளாகிய வனிலினை ஊசியிலை மரத்தின் சாற்றிலிருந்து கிடைத்த ஒரு பொருளைக் கொண்டு செய்து காட்டினர். இன்று உலகில் வனிலா என்று மணப்பவற்றில் மிகப் பெரும்பகுதி கொடியில் காய்த்தது அன்று.

அண்மைக் காலத்தில் ஹைதராபாத்தின் பெரிய கடைகளில் 'ட்ரஃபிள்' என்ற பெயரோடு உருளைக்கிழங்கு வறுவலும் எண்ணெயும் வந்திருக்கின்றன. இத்தாலியிலும் பிரான்சிலும் மரவேரின் அருகே மண்ணுக்குள் விளையும் ஒரு காளான் அது. பயிற்சி பெற்ற நாய்களைக் கொண்டு தேடி எடுப்பார்கள். பொன்னைப் போல் நிறுத்து விற்பார்கள். ஆனால் ட்ரஃபிள் எண்ணெய் எனப்படுவதில் பெரும்பாலானவை, சாதாரண எண்ணெயில் அம்மணத்தைத் தரும் கந்தகச் சேர்மம் ஒன்றைக் கலந்து செய்தவையே. "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்று தெலுங்கர் சொல்லும் பழமொழியை நாமும் அறிவோம். பெயரோ பெரிய பெயர். குடிக்கத் தண்ணீர் இல்லை!

கலப்பது எல்லாம் குற்றம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நம் சாம்பாரில் இடும் பெருங்காயமே கலப்புதான். ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பிசின் மிகவும் கடுமையானது. மாவும் கருவேலம் பிசின் போன்றவையும் சேர்த்து அதைக் கூட்டுப் பெருங்காயமாக விற்கின்றனர். கூட்டு என்று சொல்லியே விற்பதால் அதில் வஞ்சம் இல்லை. இந்நகரின் புகழ்பெற்ற பழ பிஸ்கட்டில் சிவப்பும் பச்சையுமாக மின்னும் துண்டுகள் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்தான். அதை அறிந்தும் நாம் விரும்பி உண்கிறோம். பப்பாளியும் ஒரு பழந்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்! அறிந்து உண்பது வேறு. அறியாமல் ஏமாறுவது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்தது. தவறான மேற்சீட்டு ஒட்டிய உணவுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரையிலும், மயக்கும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலும் அது தண்டம் வைத்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மேற்சீட்டு விதிகளின்படி, சேர்மானங்களை எடையில் மிகுந்தது முதல் குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். ஒரு பொருளைப் படத்தாலோ சொல்லாலோ சிறப்பித்துக் காட்டினால், அது எத்தனை சதவிகிதம் என்றும் சொல்ல வேண்டும். ஆனால் அப்பொருளை மணத்திற்காக மட்டும் சேர்த்திருந்தால் அளவு சொல்லத் தேவையில்லை என்று ஒரு விலக்கும் உண்டு. அந்த வாயிலின் வழியேதான் பல பெரிய பெயர்கள் நம் வீட்டுக்குள் நுழைகின்றன.

சொல்லிலும் விழிப்பு வேண்டும். ஐஸ்கிரீம் என்று விற்க வேண்டுமானால் பால் கொழுப்பு பத்து சதவிகிதமாவது இருத்தல் வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்ந்தால் அதன் பெயர் ஃப்ரோசன் டெசர்ட். வண்ணப்படமும் கிண்ணமும் ஒன்றுபோல் இருக்கும். பெயர் மட்டும் வேறு. பழச்சாறுக் கதையும் இப்படியே. சாற்றைச் சுண்டக் காய்ச்சி, பின்னர் தண்ணீர் சேர்த்து விற்பதற்கு 'நூறு சதவிகிதப் பழச்சாறு' என்று பெயர் வைத்திருந்தனர். அப்பெயரை நீக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கட்டளையிட்டது.

பெயரை எதிர்த்துப் போராடி வெல்ல முடியுமா என்ற ஐயம் வேண்டாம். இந்த ஹைதராபாத்திலேயே சான்று இருக்கிறது. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் பெயரான ஓ.ஆர்.எஸ். என்பதை, சர்க்கரை மிகுந்த பழச்சாறுப் பானங்களின் மேல் ஒட்டி விற்று வந்தனர். குழந்தை நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் அவர்கள் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் பேசி, தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுத்தார். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், அப்பானங்களின் பெயரில் அவ்வெழுத்துக்கள் எவ்வகையிலும் இடம்பெறலாகாது என்று ஆணையம் உத்தரவிட்டது. ஓர் அம்மையார் அயராது கேட்டார். நாடு முழுவதும் மேற்சீட்டு மாறியது.

அறிவுரைக்கும் நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தது. 1918ஆம் ஆண்டில் குன்னூரில் தோன்றி, 1958ஆம் ஆண்டில் ஹைதராபாத் வந்து சேர்ந்தது. அந்நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட பதினேழு உணவு நெறிகளுள் இறுதியானது, மேற்சீட்டைப் படித்து உணவைத் தேர்ந்தெடுங்கள் என்பதே.

அதை எவ்வாறு படிப்பது? எங்கள் வீட்டில் இப்போது கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறோம். முதலில் டப்பாவைத் திருப்ப வேண்டும். சேர்மான வரிசையில் முதல் மூன்று பெயர்களைப் பார்க்க வேண்டும். நாம் காசு கொடுப்பது அவற்றுக்கே. படத்தில் உள்ள பொருள் எத்தனையாவது இடத்தில், எத்தனை சதவிகிதம் நிற்கிறது என்று காண வேண்டும். சேர்க்கப்பட்ட மணம் என்ற சொல் இருக்கிறதா, 102, 110 என்பன போன்ற வண்ண எண்கள் இருக்கின்றனவா என்று நோக்க வேண்டும். இவை அனுமதிக்கப்பட்ட மஞ்சள் வண்ணங்களே. ஆயினும், குங்குமப்பூவின் நிறம் உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதை அவ்வெண்கள் சொல்லிவிடும். பெகம் பஜாரில் உதிரியாகக் குங்குமப்பூ வாங்கினால், இரண்டு இழைகளை வெந்நீரில் இட்டுப் பார்க்க வேண்டும். நல்ல இழை மெல்ல நிறம் விடும். தானும் சிவப்பாகவே இருக்கும். சாயமேற்றிய நாரோ உடனே நிறத்தைக் கொட்டிவிட்டு வெளுத்துப்போகும். ஏமாற்றம் தெளிவாயின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

இவையெல்லாம் காசைப் பற்றியும் உடம்பைப் பற்றியுமான பேச்சு. இன்னும் ஒன்று உண்டு. அதுவே எங்கள் மனத்தை மிகவும் உறுத்தியது. டப்பாவை ஒழித்த பிறகு, குழந்தையின் பெயர்சூட்டு விழாவுக்காக அரை கிராம் நல்ல குங்குமப்பூ வாங்கினோம். அம்மா அதைப் பாலில் ஊறவைத்து எல்லோருக்கும் கொடுத்தார். எங்கள் ஒன்பது வயது மகன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது குங்குமப்பூ வாசனையே இல்லையே, பாட்டி! நிறமும் போதவில்லை" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அவன்மேல் பிழை இல்லை. அவன் பிறந்தது முதல் போலியையே உண்மையென்று காட்டி வளர்த்துவிட்டோம். உண்மை வந்தபோது அவனுக்கு அது போலியாகத் தோன்றிற்று. ஊரை விட்டு ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் நாம், நம் பிள்ளைகளுக்கு மொழியைக் கொடுக்கச் சங்கம் வைத்திருக்கிறோம். நாவின் அறிவையும் கொடுக்க வேண்டாமா?

இதில் நம் அடுக்களையும் குற்றமற்றது அன்று. ரவா கேசரிக்கு அப்பெயர் வந்ததே கேசரம் என்னும் குங்குமப்பூவால்தான். நாமோ பூவை மறந்துவிட்டு, கடையில் பொட்டலமாக விற்கும் வண்ணப்பொடிக்கே கேசரிப் பொடி என்று பெயர் சூட்டிவிட்டோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழித்த நாமே, ஏட்டுக் குங்குமப்பூவை இலையில் பரிமாறி வருகிறோம்.

ஆகவே விழாக்குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தோம். அவர்களும் அன்புடன் இசைந்தார்கள். சமையற்காரர் மட்டும், "நிறமில்லாவிட்டால் இதைக் கேசரி என்று யார் நம்புவார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இன்று பந்தியில் உங்கள் இலைக்கு வரும் கேசரி வெளுப்பாக இருக்கும். ரவை, நெய், சர்க்கரை, முந்திரி, ஏலக்காய் ஆகிய ஐந்தும் அதில் உண்டு, வண்ணம் இல்லை, இத்தனை பேருக்குக் குங்குமப்பூ வாங்கச் சங்கத்தின் நிதி இடம் தராததால் குங்குமப்பூவும் இல்லை. பந்தியின் தலைப்பில் ஒரு பலகையில் இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம். பெயர் மட்டும் பழக்கத்தால் கேசரி என்றே இருக்கிறது. எங்கள் அலுவலக முறைப்படி அதற்கு முன்னால் எஸ்.டி.சி. என்று சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம்!

எங்கள் அம்மாவும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தங்கையின் குழந்தை அவர் மடியில் இருக்கிறாள். அவள் வளர்ந்து முதன்முதலாகக் கேசரி உண்ணும்போது, அது இன்னதென்று அறிந்து உண்ணட்டும்.